நொட்டாங்கை பாய்

என்னைப் பெற்ற அத்தாவுக்குக் கோவளத்தில் நொட்டாங்கை பாய் என்று பெயர். பஸ் ஸ்டாப்பில் இறங்கி அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் நாலு பேர் நின்று யோசிப்பார்கள். நொட்டாங்கை பாய் கடை எது என்று கேட்டுப் பாருங்கள், தலையிலிருக்கும் மீன் கூடையை இறக்காமலே வழி சொல்லிவிடுவார்கள். இதில் கொடுமை என்னவென்றால் அத்தா இடது கைக்காரரே இல்லை. சாப்பிடுவது, எழுதுவது, கடையில் பொட்டலம் மடிப்பது, சின்ன வயதில் என் முதுகில் நாலு வைத்தது எல்லாமே வலது கையால்தான். அந்தப் பெயரை அவருக்கு வாங்கிக் கொடுத்தவர் ஒரு சினிமா எடிட்டர். அவர் அத்தாவை நேரில் பார்த்ததுகூடக் கிடையாது.

நானும் எடிட்டர்தான். அதனால் இதைச் சொல்ல எனக்கு இரண்டு பக்கமும் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். இல்லை என்பவர்கள் வரட்டும், பேசிக்கொள்ளலாம்.

நான் பிறப்பதற்கு முந்தைய சமாச்சாரம் இது. சி.ஐ.டி. படங்கள் சக்கைப்போடு போட்ட காலம். கறுப்புக் கண்ணாடி போட்ட கதாநாயகன், சிகரெட் பெட்டிக்குள் மைக்ரோ ஃபிலிம், மீன் பெட்டிக்குள் தங்க பிஸ்கட். வில்லன் எந்த நாட்டுக்கு உளவு பார்த்தாலும் அவன் படகு வந்து ஒதுங்குவது எங்கள் கரையில்தான். மெட்ராஸிலிருந்து காலையில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் படம் பிடித்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்பதைத் தவிர எங்கள் ஊருக்கும் சர்வதேச சதிக்கும் வேறு சம்பந்தம் கிடையாது. கோவளத்தில் கொஞ்சம் மணல், மகாபலிபுரத்தில் கொஞ்சம் பாறை, கார் துரத்தலுக்குப் படாளம் பக்கத்துப் புளியமரச் சாலை. மூன்றையும் வெட்டி ஒட்டினால் ஒரு வெளிநாட்டுத் தீவு தயார்.

அத்தா அப்போதுதான் மளிகைக் கடை போட்டிருந்தார். தாடி வைத்த இளவட்டம். சோடா குடிக்க வந்த உதவி டைரக்டர் ஒருவர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு ஷாட்டில் வந்து நில்லு பாய் என்று கூட்டிப் போயிருக்கிறார். அந்த நாளைப் பற்றி அத்தா பலமுறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிதான் சொல்வார்.

"காலைலேர்ந்து வெயில்ல நிக்க வெச்சாங்க. மூஞ்சில சந்தோசம் வேணும் பாய், சந்தோசம் வேணும் பாய்னு ஒருத்தர் கத்திகினே இருந்தாரு. பசி வயித்தக் கிள்ளுது, சந்தோசம் எங்கேர்ந்து வரும்? அப்பத்தான் ரோட்டாண்ட சோத்து வண்டி வந்து நின்னுது. பிரியாணி வாசன. சமையக்காரரு நம்ம பாய். அவரப் பாத்து கைய தூக்கி ஒரு சலாம் வெச்சேன். அவ்ளோதான். சூப்பர் பாய்னுட்டு கேமராவ மூடிகினு பூட்டாங்க."

படம் வந்தது. திருப்போரூர்ப் பக்கம் ஒரு டூரிங் கொட்டகையில் ஊரே கிளம்பிப் போய்ப் பார்த்தது. அத்தாவும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போயிருக்கிறார். திரையில் கள்ளக் கடத்தல் படகு வருகிறது. அதில் தங்கப் பெட்டிகள், பெட்டிகள் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும் வில்லன். வெட்டினால், கரையில் அத்தா. கண்ணெல்லாம் மினுமினுக்க, வாயெல்லாம் பல்லாக, கையைத் தூக்குகிறார். வெட்டினால், மறுபடி வில்லன். சிக்னல் கிடைத்துவிட்டது என்று சிரிக்கிறான். பிரியாணியைப் பார்த்த பசி, தங்கத்தைப் பார்த்த பேராசையாக மாறிவிட்டது. எங்கள் அத்தா தேசத் துரோகக் கும்பலின் கரை ஆள் ஆகிவிட்டார்.

அதைக்கூட ஊர் மன்னித்திருக்கும். சினிமாதானே, எவனோ ஒருத்தன் வில்லனாகத்தான் வேண்டும். ஆனால் தரை டிக்கெட்டிலிருந்து ஒரு குரல் வந்தது: "டேய், பாய் நொட்டாங்கையால சலாம் வெக்கிறான்டா!"

கொட்டகையே சிரித்தது. அத்தா திரையைப் பார்த்தார். உண்மைதான். திரையில் தூக்கியிருந்தது இடது கை.

இது ஒரு பெரிய விஷயமா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் வீடுகளில் கொடுப்பது, வாங்குவது, உண்பது, சலாம் சொல்லிக் கை தூக்குவது எல்லாம் வலது கையால்தான். இடது கையை நீட்டினால் எதிரிலிருப்பவரை மட்டம் தட்டுகிறோம் என்று அர்த்தம். பிள்ளைக்குப் பேச்சு வருவதற்கு முன்பே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவோம். அத்தா பள்ளிவாசலுக்குப் போனால் பெரியவர்கள் கூப்பிட்டுக் கேட்டார்கள், சினிமாவில் போய் நின்றது போதாதென்று நொட்டாங்கையால் சலாம் வேறயா என்று. சோத்தாங்கையால்தான், வலது கையால்தான் வைத்தேன் என்று அத்தா ஆணையிட்டுச் சொன்னார். ஒருத்தரும் நம்பவில்லை. அவர்கள்தான் கண்ணால் பார்த்துவிட்டார்களே.

என் அத்தைக்கு அப்போது அச்சரப்பாக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்து பேசி முடியும் நிலையில் இருந்தது. மாப்பிள்ளை வீட்டாரும் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார்கள். அந்த ஆள் வீடா என்று சிரித்தபடியே எழுந்து போனவர்கள் திரும்பி வரவில்லை. அத்தைக்குப் பிறகு நல்ல இடத்தில்தான் நிக்காஹ் ஆனது. ஆனாலும் அத்தை இன்றைக்கும் டி.வி.யில் கறுப்பு வெள்ளைப் படம் ஓடினால் சேனலை மாற்றிவிடுவார்.

எனக்கு எல்லாவற்றையும்விட ஆத்திரம் வரவழைப்பது வேறொன்று. கொஞ்ச நாளில் அத்தாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. "பசி மயக்கத்துல நாந்தான் கைய மாத்தித் தூக்கிட்டேனோ என்னமோ" என்று ஒருமுறை சொன்னார். தன்னுடைய கை எது என்று தனக்கே சந்தேகப்படும்படி ஒரு மனிதரை ஒரு சினிமா செய்துவிட்டது. அதைக் கேட்ட நாளில் என்னால் சோறு தின்ன முடியவில்லை.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது பழிவாங்க என்று நினைக்க வேண்டாம். கல்யாணமாகிச் செங்கல்பட்டுக்கு வந்தபிறகு கிடைத்த தொழில் இது. எங்கள் நிக்காஹ்களில் பெண்கள் பக்கத்து வீடியோவை வெளி ஆண்கள் பார்க்கக் கூடாது என்பார்கள். எடுப்பதற்குப் பெண் கிடைத்தாள், வெட்டி ஒட்டுவதற்குக் கிடைக்கவில்லை. நான் கம்ப்யூட்டரில் கற்றுக்கொண்டு உட்கார்ந்தேன். பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்ட அதே உறவுக்காரர்கள், தங்கள் மகள் கல்யாணம் என்றதும் பென் டிரைவைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு வாசலில்தான் வந்து நின்றார்கள். நான் வாங்கிக்கொண்டேன். மனதுக்குள் மட்டும் நன்றாகச் சிரித்தேன்.

பிறகு சென்னைக் கம்பெனி ஒன்றின் வேலை வந்தது. பழைய படங்களின் உரிமையை வாங்கி, அழுக்குப் போக்கி, இணையத்தில் போடும் கம்பெனி. கீறலைத் துடைப்பது, சத்தத்தைச் சரிசெய்வது, இழுவையாக இருக்கும் இடங்களைக் குறைப்பது என் வேலை. அப்படி நிறைய சி.ஐ.டி. படங்கள் என் கை வழியாகப் போயின. அந்த எடிட்டர்களை எனக்குப் பிடிக்கும் என்று சொன்னால் அத்தாவுக்குத் துரோகம் செய்வதாகாது. கையில் சரக்கே இல்லாமல் சமைத்தவர்கள் அவர்கள். ஒரு போன், ஒரு பூட்ஸ் கால், சுற்றும் டேப் ரெக்கார்டர், மினுக்கும் சிவப்பு பல்பு. இந்த நாலையும் மாற்றி மாற்றி வெட்டியே நம்மை நாற்காலி நுனிக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். கோவளத்தில் திரும்பிய கார் படாளத்தில் போய் நிமிரும். எங்கள் ஊர்க்காரர்கள் மட்டும்தான் அதைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். மற்ற ஊர்களில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

போன வருஷம் ஒரு ஃபைல் வந்தது. நான் அந்தப் படத்தை அதுவரை பார்த்ததில்லை. வீட்டில் அதன் பெயரைக்கூடச் சொல்ல மாட்டார்கள். படகு வந்தது, பெட்டிகள் வந்தன, பெட்டி மேல் கால் வந்தது. அடுத்த வெட்டில் அத்தா வந்தார்.

அவ்வளவு இளமையான அத்தாவை நான் பார்த்ததே இல்லை. வீட்டில் அந்த வயதுப் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. என் தம்பியின் மூக்கு, என் மகளின் சிரிப்பு. முதலில் அழுதேன், மறைப்பதற்கு என்ன இருக்கிறது. அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தபோதுதான் எடிட்டர் புத்தி வேலை செய்தது. அத்தாவின் சட்டைப் பை வலது பக்கம் இருந்தது.

ஆம்பிளைச் சட்டைக்குப் பை இடது பக்கம்தான் இருக்கும். எந்தத் தையல்காரரும் மாற்றித் தைக்க மாட்டார். அப்படியானால் பிம்பமே கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாகத் திருப்பிப் போடப்பட்டிருக்கிறது. ஃபிலிமைப் புரட்டிப் போட்டு ஒட்டினால் அப்படித்தான் வரும். மற்ற ஷாட்டுகளைவிட இது ஒரு பொட்டு மங்கலாக இருந்ததற்கும் அதுதான் காரணம். இடது கை என்று ஊர் சிரித்த கை வலது கை. அத்தா சொன்னது சத்தியம்.

ஏன் திருப்பினார் என்பதும் எனக்கு உடனே புரிந்தது. படகு திரையில் இடமிருந்து வலமாக வருகிறது. கரையில் நிற்பவர் அதைப் பார்க்க வேண்டும் என்றால் அவர் முகம் இடது பக்கம் திரும்பியிருக்க வேண்டும். அத்தாவோ சோற்று வண்டியைப் பார்த்து வலது பக்கம் திரும்பி நிற்கிறார். அப்படியே போட்டால் படகுக்கும் அவருக்கும் சம்பந்தமே இருக்காது. திருப்பிப் போட்டதும் இரண்டு பேரும் நேருக்கு நேர் வந்துவிட்டார்கள். சுத்தமான வேலை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். இது தெரிந்தும் என் கோபம் ஒரு துளியும் குறையவில்லை.

ஒரே ஒரு பட்டன். நான் திருப்பியதைத் திருப்பினேன். சட்டைப் பை இடது பக்கம் போனது, அத்தா வலது கையைத் தூக்கினார். கூடவே இன்னொன்றும் நடந்தது. அவர் படகுக்கு முதுகு காட்டிவிட்டார். வில்லன் பாட்டுக்கு வந்துகொண்டிருக்கிறான், கரையில் ஒரு மனிதர் வேறு யாருக்கோ சந்தோஷமாகச் சலாம் வைத்துக்கொண்டிருக்கிறார். அந்த நொடியே அத்தா அந்தக் கும்பலை விட்டு வெளியே வந்துவிட்டார். எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போலிருந்தது. அப்படியே கம்பெனிக்கு அனுப்பினேன்.

மறுநாள் கம்பெனித் தம்பி போன் செய்தார். ஐ.டி. வேலையை விட்டுவிட்டு இதற்கு வந்தவர், மரியாதையான பிள்ளை.

"அக்கா, படகு சீன்ல ஐலைன் இடிக்குது, பாய் படகைப் பாக்கவே இல்ல. ஷாட் ஃபிளிப் ஆயிருச்சு போல."

"இடிக்கட்டும் தம்பி. நான்தான் மாத்தினேன்."

"ஏன்க்கா? ஒரிஜினல் எப்படி இருக்கோ அப்படியே விடணும் இல்ல? அப்புறம் இன்னொண்ணு, அந்த பாய் ஷாட்டை மட்டும் தனியா ஒரு ஷார்ட்ஸ் கட் பண்ணிக் கொடுங்க. மூஞ்சி மேல சிவப்பு வட்டம் போட்டு, 'அந்தக் காலத்து ஸ்லீப்பர் செல்'னு டைட்டில் வெச்சா பிச்சுக்கும்."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்தது என்று தெரியவில்லை. அடுப்படியில் இருந்த மகள் ஓடி வந்து பார்த்தாள்.

"ஒரிஜினலா தம்பி? ரெண்டு பாட்டைத் தூக்கச் சொன்னீங்களே, அது ஒரிஜினல்ல இருந்துது. சண்டையை வேகமாக்கச் சொன்னீங்க. சிகரெட்டை மறைக்கச் சொன்னீங்க. மூலையில உங்க முத்திரையைக் குத்தியிருக்கீங்க. அப்பல்லாம் வராத ஒரிஜினல் இப்ப எங்கேர்ந்து வந்துது? அந்த ஷாட்டே ஒரிஜினல் இல்ல. சட்டைப் பை எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்க. ஷார்ட்ஸும் பண்ண மாட்டேன், சிவப்பு வட்டமும் போட மாட்டேன். வேற யாரையாவது வெச்சுப் பண்ணினீங்கன்னா, திருப்பின ஷாட்டையும் திருப்பாத ஷாட்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டு நானே ஊருக்குக் காட்டுவேன்."

போனில் அந்த ஷாட் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு, "யாருக்கா அது?" என்றார்.

சொல்லக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். என் அத்தா என்பதால் கருணை காட்டச் சொல்லிக் கேட்பதாக ஆகிவிடும். யார் அத்தாவாக இருந்தாலும் அது தப்புதான். ஆனாலும் கேட்ட கேள்விக்கு மறைப்பதற்கு அவர் என்ன கடத்தல்காரரா?

"எங்க அத்தா" என்றேன். "இன்னிக்கும் கோவளத்துல கடையில உக்காந்திருக்காரு."

தம்பி உடனே மன்னிப்புக் கேட்டார். ஷார்ட்ஸ் வேண்டாம் என்றார். அதோடு நிற்காமல், "அப்ப அந்த ஷாட்டையே தூக்கிரலாமே அக்கா, படகுல இருந்து நேரா அடுத்த சீனுக்குப் போயிரலாம். யாருக்கும் தெரியாது" என்றார்.

வெட்டிப் பார்த்தேன். தெரியத்தான் இல்லை. ஒருத்தர் மனமும் நோகாத வழி. ஆனால் அது நான் முடிவு செய்யும் விஷயமா? மறுநாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினேன். மகாபலிபுரத்தில் மாறிக் கோவளத்தில் இறங்கினேன்.

அத்தா கடையில் இருந்தார். கூட்டம் இல்லாத நேரம். சர்ஃப் போர்டைத் தலைமேல் வைத்துக்கொண்டு போன இரண்டு பிள்ளைகள் "இன்னா நொட்டாங்கை பாய்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தப் படம் வந்தபோது அவர்களின் அப்பாக்களே பிறந்திருப்பார்களோ என்னவோ. அத்தா தலையை மட்டும் ஆட்டினார். நான் லேப்டாப்பைக் கல்லாப் பெட்டிமேல் வைத்தேன்.

முதலில் பழையதைக் காட்டினேன். முகம் இறுகிவிட்டது. பார்க்காமல் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார். "இத ஏம்மா இங்க எட்த்துகினு வந்த?" என்றார். சட்டைப் பையைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். விளக்கிச் சொன்னேன். பிறகு நான் நேராக்கியதைப் போட்டேன்.

அத்தா பார்த்தார். மறுபடி போடு என்று விரலால் சைகை காட்டினார். போட்டேன். மறுபடி. மறுபடி. ஒரு தடவை தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார், கண்ணையும்தான்.

"அப்ப நான் புளுகல" என்றார்.

"இல்லத்தா."

"மவுத்தாயி மண்ணுக்குள்ள போனவங்க எல்லாரும் என்னப் புளுகன்னு நெனச்சிகினேதான் பூட்டாங்க." நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

கொஞ்சம் ஆறியபிறகு கம்பெனித் தம்பி சொன்ன வழியைச் சொன்னேன். மொத்தமாகத் தூக்கிவிடலாம், படத்தில் நீங்கள் இருந்த தடமே இருக்காது. நிம்மதிப் பெருமூச்சு விடுவார் என்று எதிர்பார்த்தேன். அத்தா என்னை முறைத்தார்.

"ஏன் தூக்கணும்? நான் இன்னா தப்பு பண்ணேன்? வெயில்ல நின்னது நானு. பேஜாரு பட்டது நானு. இப்ப நான் நேரா நிக்கிறப்போ தூக்கிடுவீங்களா? ஒண்ணும் வாணாம். நான் அதுலயே இருக்கேன்."

சரியான அடி. தூக்கிவிடலாம் என்று ஒரு நாள் முழுக்க யோசித்துக்கொண்டிருந்த எனக்கு வெட்கமாக இருந்தது. அங்கேயே, கடை வாசலில் நின்று தம்பிக்குப் போன் போட்டேன். ஷாட் இருக்கும், நான் நேராக்கியபடியே இருக்கும், இல்லையென்றால் என் வேலையை நான் அனுப்ப மாட்டேன் என்று சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டார். "கமெண்ட்ல கிழிச்சுத் தொங்கப் போடுவாங்க அக்கா. உங்க இஷ்டம்" என்றார்.

கிழித்தார்கள். படம் இணையத்தில் வந்த வாரத்திலேயே சினிமா தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் கண்டுபிடித்தார்கள். படகு ஒரு பக்கம் வருகிறது, பாய் எந்தப் பக்கமோ சலாம் போடுகிறார், இதெல்லாம் ஒரு எடிட்டிங்கா என்று ஒருவர். எடிட்டர் அன்றைக்குத் தூங்கிவிட்டார் போல என்று இன்னொருவர். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். என்னைத் திட்டினால் நான் பேசாமல் இருந்திருப்பேன். அவர்கள் திட்டியது அந்தப் பழைய எடிட்டரை. செய்யாத தப்புக்கு ஒரு மனிதர் ஊர் வாயில் விழுவது என்றால் என்ன என்று எங்கள் வீட்டுக்குத் தெரியும். கோவளத்துக்குப் போயிருந்தபோது அத்தா பக்கத்தில் உட்கார்ந்தே போனை எடுத்து எழுதினேன். "அந்த எடிட்டர் தூங்கவில்லை. அவர் சரியாகத்தான் ஒட்டியிருந்தார். இப்போது மாற்றியது நான். தெரிந்தேதான் மாற்றினேன்."

கொஞ்ச நேரத்தில் யாரோ கேட்டிருந்தார்கள், "ஏன்?" என்று.

என்னென்னவோ எழுதத் தோன்றியது. பள்ளிவாசல், அச்சரப்பாக்கம், அத்தை, எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் போலிருந்தது. அத்தாவிடம் படித்துக் காட்டி, "என்னத்தா போடட்டும்?" என்று கேட்டேன். அவர் ஒரு அம்மாவுக்குச் சர்க்கரைப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தார். நிமிரக்கூட இல்லை.

"எனக்கு சோத்தாங்கைனு போடு."

அப்படியே போட்டேன்.